கரையை ஒளித்து வைத்த பிரவுன்

இங்கிலாந்தில் 25,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தரைமட்டத்துக்கு மேலே தேக்கி வைத்திருக்கும் ஏரிகளுக்கு 1975ஆம் வருடத்து நீர்த்தேக்கச் சட்டம் பொருந்தும். அதற்கென்று தகுதி பெற்ற பொறியாளர் வந்து கரையைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். கசிவு உண்டா, மரவேர் கரைக்குள் இறங்கியிருக்கிறதா, பெருவெள்ளம் வந்தால் உபரி நீர் வழியும் கலிங்கு தாங்குமா என்றெல்லாம் சோதிப்பார்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் ஏரிகளில் சில குடிநீருக்காகவும் கட்டியவை கிடையாது, பாசனத்துக்காகவும் கட்டியவை கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுக்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்து ரசிப்பதற்காக வெட்டிக்கொண்டவை. அப்படிப்பட்ட ஏரிகளை யார் அமைத்தது என்று விசாரித்தால் திரும்பத் திரும்ப ஒரே பெயர்தான் வரும்: லான்சலட் பிரவுன். ஊரார் வைத்த பெயர் 'கேப்பபிலிட்டி' பிரவுன். எந்தப் பிரபுவின் நிலத்தைப் பார்த்தாலும் "இதில் நல்ல கேப்பபிலிட்டி இருக்கிறது", அதாவது மேம்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது, என்று ஆரம்பிப்பாராம். அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

நான் பொதுப்பணித் துறையில் ஏரி, வாய்க்கால் என்று காலம் தள்ளியவன். தோட்டக்கலை பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயங்களில், மருமகன் புண்ணியத்தில், பிரவுன் அமைத்த பூங்காக்கள் சிலவற்றைப் பார்க்கக் கிடைத்தது. கூட வந்தவர்கள் மாளிகையையும் மரங்களையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவ்வளவு தண்ணீர் எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று நான் கரையைத் தேடிக்கொண்டிருந்தேன். சுலபத்தில் அகப்படாது. புல் மூடிய சாதாரண மேடு மாதிரி கிடக்கும். பக்கத்தில் ஒரு தோப்பு இருக்கும். பாதை அதன் மேலேயே போகும். நடப்பவருக்குத் தான் ஒரு மண் அணைமேல் நடக்கிறோம் என்றே தெரியாது. நாம் கட்டிய கரைகளில் கல்வெட்டு வைத்து, பெயர் பொறித்து, திறப்பு விழா நடத்துவோம். இந்த ஆள் தன் வேலையே தெரியக் கூடாது என்று வேலை செய்திருக்கிறார். அந்த விநோதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்தில் கிர்க்ஹார்ல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1716 ஆகஸ்ட் 30ஆம் தேதி லான்சலட் பிரவுனுக்கு ஞானஸ்நானம் நடந்ததாக தேவாலயப் பதிவு சொல்கிறது. ஆறு பிள்ளைகளில் ஐந்தாமவர். பக்கத்திலுள்ள கேம்போ கிராமப் பள்ளியில் பதினாறு வயது வரை படித்தார். அந்த வர்க்கத்துப் பையனுக்கு அன்றைக்கு அது அதிகப் படிப்பு. அப்புறம் ஊர்ப் பிரபு சர் வில்லியம் லொரெய்னின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மண் வெட்டுவது, சதுப்பு வடிப்பது, மரம் நடுவது எல்லாம் அங்கே கைவந்தது. 1739இல் தெற்கே கிளம்பினார். 1741இல் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோ பண்ணையில் சேர்ந்தார்.

ஸ்டோதான் அவருடைய பல்கலைக்கழகம். காபம் பிரபுவின் அந்தத் தோட்டம் அப்போது நாடே பேசும் இடம். அதற்கு முந்தைய தலைமுறையில் தோட்டம் என்றால் பிரெஞ்சு முறைதான்: நூல் பிடித்த மாதிரி நேர்ப்பாதை, கத்தரித்த செடி, வட்டக் குளம், நீரூற்று. வெர்சாயில் மன்னன் பதினான்காம் லூயி காட்டிய வழி அது. இங்கிலாந்துப் பிரபுக்கள் சிலருக்கு, தங்கள் நாட்டின் சுதந்திரத்துக்கு அது ஒத்துவராத பாணி என்ற எண்ணம் வந்தது. (அந்தச் சுதந்திரம் யாருக்கு இருந்தது என்பது வேறு கதை, பின்னால் வருகிறேன்.) சார்ல்ஸ் பிரிட்ஜ்மேன் என்பவர் ஸ்டோவில் 'ஹா-ஹா' என்ற பள்ளவேலியை அமைத்தார். ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறு பக்கம் சரிவான பள்ளம். வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே தெரியாது. புல்வெளி நேராக மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்த மாதிரி இருக்கும். ஆடுமாடுகள் மட்டும் தாண்டி வர முடியாது. பிரிட்ஜ்மேனுக்குப் பின் வில்லியம் கென்ட் வந்து நேர்க்கோடுகளை வளைத்தார். கென்ட்டின் கீழ்தான் பிரவுன் வேலை பார்த்தார்.

1742இல், 26 வயதில், தலைமைத் தோட்டக்காரர். சம்பளம் வருடத்துக்கு 25 பவுண்டு, தங்க ஒரு வீடு. காபம் பிரபு தாராள மனசுக்காரர். தன் நண்பர்களின் நிலங்களிலும் பிரவுன் வேலை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிரவுனின் பிற்காலத் தொழிலுக்கு விதை அந்த அனுமதிதான். நாட்டின் பணக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம் அல்லது சினேகம். ஒருவர் தோட்டத்தில் வேலை பிடித்துப்போனால் இன்னொருவருக்கு விஷயம் போய்விடும். 1744இல் பிரிஜெட் வேயெட் என்ற பெண்ணை ஸ்டோ தேவாலயத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார். 1749இல் காபம் பிரபு இறந்ததும் கொஞ்ச காலத்தில் குடும்பத்தோடு லண்டன் பக்கம் ஹாமர்ஸ்மித்துக்குக் குடிபோய்ச் சொந்தத் தொழில் ஆரம்பித்தார்.

1751இல் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் வாரிக் கோட்டைத் தோட்டத்தைப் பாராட்டும்போது, கென்ட்டின் யோசனைகள் சிலவற்றை வைத்துக்கொண்டு 'பிரவுன் என்று ஒருவர்' செய்திருக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதுகிறார். யாரோ ஒரு பிரவுன். அடுத்த பத்து வருடத்தில் அந்த 'யாரோ' வருடத்துக்குச் சராசரியாக 6,000 பவுண்டு சம்பாதிக்கிற ஆளாகிவிட்டார்.

எப்படிச் சம்பாதித்தார் என்பதில்தான் எனக்குச் சுவாரசியம். பிரவுன் நன்றாகக் குதிரைச் சவாரி செய்வார். ஒரு பண்ணைக்குப் போனால் ஒரு மணி நேரம் குதிரையில் சுற்றிவருவார். அதற்குள் ஏரி எங்கே, மேடு எங்கே, தோப்பு எங்கே என்று மனசில் ஒரு வரைபடம் வந்துவிடும். பிறகு ஜான் ஸ்பையர்ஸ் போன்ற அளவையாளர்கள் போய் அளந்து, மட்டம் பார்த்து, படம் போடுவார்கள். அப்புறம் எஸ்டிமேட், ஒப்பந்தம், தவணை தவணையாகப் பணம். சாமுவேல் லேப்பிட்ஜ், வில்லியம் அயர்லாந்து, மைக்கேல் மில்லிகன் என்று நம்பிக்கையான மேஸ்திரிகள் இருந்தார்கள். அவர்கள் அந்தந்த இடத்திலேயே தங்கி, உள்ளூர்க் கூலியாட்களை வைத்து வேலையை முடிப்பார்கள். பிரவுன் அவ்வப்போது வந்து பார்ப்பார். ஒரே நேரத்தில் பல மாவட்டங்களில் வேலை ஓடும். கலைஞர் என்று சொல்வதைவிட முதல்தரக் காண்ட்ராக்டர் என்று சொன்னால் எனக்குச் சரியாகப் புரிகிறது. சொல்லப்போனால் அவரே தன் தொழிலை 'இடம் சமைப்பது' என்கிற மாதிரிதான் சொல்லிக்கொண்டார். 1775இல் எழுதிய ஒரு கடிதத்தில், இது முழுக்க முழுக்கக் கோட்பாட்டைச் சார்ந்தது, அவ்வப்போதைய ஃபேஷனுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு என்கிறார். நல்ல திட்டம், நல்ல வேலைப்பாடு, அந்த ஊர் நிலத்தைப் பற்றிய முழு அறிவு, நடுவதில் மிகுந்த நுட்பம் ஆகியவை வேண்டும் என்று அதே கடிதத்தில் பட்டியல் போடுகிறார். அவர் தன் கலையைப் பற்றிப் புத்தகம் எதுவும் எழுதவில்லை. நமக்குக் கிடைப்பது இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமான கடிதங்களும், ஒரு கணக்குப் புத்தகமும், வங்கிக் கணக்கும்தான்.

சொந்தமாக எடுத்த முதல் பெரிய வேலை வுஸ்டர்ஷயரில் உள்ள க்ரூம். கவென்ட்ரி பிரபுவின் இடம். 1751இல் ஆரம்பித்தது. இடம் சதுப்பு. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டாலும் சேறு. பிரவுன் முதலில் செய்தது அழகு வேலை கிடையாது. நிலத்துக்கு அடியில் வடிகால் போட்டார். கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய நிலத்தடிக் கால்வாய்கள் வழியாகச் சதுப்புத் தண்ணீரை இழுத்து, வெட்டிய ஏரிக்கும் அதிலிருந்து நீளும் செயற்கை ஆற்றுக்கும் கொண்டுபோனார். அந்த 'ஆறு' கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மைல் நீளம். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் வைத்து மனிதர்கள் கையால் தோண்டியது. கூடவே மாளிகையையும் அவரே வடிவமைத்தார். வீட்டை ஒட்டியிருந்த பழைய தேவாலயம் காட்சிக்கு இடைஞ்சல் என்று இடித்துவிட்டு, தூரத்து மேட்டின்மேல் கோத்திக் பாணியில் புதிதாகக் கட்டினார்கள். 1763இல் அது திறக்கப்பட்டது. சதுப்பை வடித்தால் நிலம் காயும், காய்ந்த நிலத்தில் புல் வளரும், புல்லில் ஆடு மேயும், ஆட்டால் வருமானம். அழகுக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பிரபுக்கள் அவரை விரும்பியதற்கு இதுவும் காரணம். பிரெஞ்சுத் தோட்டத்தைப் பராமரிக்கக் கத்தரிக்கோலோடு ஒரு படை வேண்டும். பிரவுன் தோட்டத்தில் பாதி வேலையை ஆடு செய்துவிடும். பல வருடம் கழித்து, 1797இல், கவென்ட்ரி பிரபு ஏரிக்கரையில் பிரவுனுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார். தன் ஒப்பற்ற மேதைமையால் இந்தத் தோட்டக் காட்சியைச் சதுப்பு நிலத்திலிருந்து உருவாக்கியவர் என்று அதில் எழுதியிருக்கிறது.

ப்ளெனிம் மாளிகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ல்பரோ பிரபுக்களின் வீடு, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கம். கட்டடக் கலைஞர் வான்ப்ரூ பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பிரம்மாண்டமான பாலம் கட்டியிருந்தார். பாலத்துக்குள்ளேயே முப்பதுக்கும் மேல் அறைகள். ஆனால் அடியில் ஓடியதோ கிளைம் என்ற சிற்றோடை. யானைக்குத் தைத்த சட்டையை ஆட்டுக்குட்டிக்குப் போட்டது போல ஆகிவிட்டது. அதைக் கேலி செய்து அன்றைக்குப் பாட்டே வந்தது. 1760களில் பிரவுன் வந்தார். ஓடையை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கீழே ஓரிடத்தில் அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். நீர்மட்டம் ஏறி ஏறிப் பாலத்தின் கீழ் அறைகள் மூழ்கின. பாலத்தின் உயரம் குறைந்தது, அகலமான நீர்ப்பரப்பு அதன் இருபுறமும் விரிந்தது. பாலத்துக்கு ஒரு அர்த்தம் வந்தது. ஒரு கல்லைக்கூடத் தொடாமல் ஒரு கட்டடத்தின் குறையைத் தண்ணீரால் சரிசெய்தார். என் பார்வையில் இங்கிலாந்தில் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். அணைக்குக் கீழே தண்ணீர் இறங்கும் இடத்தைப் பாறைகள் அடுக்கி இயற்கை அருவி மாதிரி செய்திருக்கிறார். நம் பாஷையில் சொன்னால் அது கலிங்குதான். அங்கே நின்று புகைப்படம் எடுக்கிற யாரும் அப்படி நினைப்பதில்லை.

ஏரியை ஆறு மாதிரி காட்டுவதில் அவருடைய சூட்சுமம் சாதாரணமானது, ஆனால் செய்வது கடினம். ஏரியின் இரண்டு முனைகளும் ஒரே இடத்திலிருந்து தெரியக் கூடாது. ஒரு முனை மேட்டின் பின்னால் வளைந்து மறையும். மறு முனையில், அணை இருக்கும் இடத்தில், ஒரு தோப்போ பாலமோ கண்ணை மறைக்கும். பார்க்கிறவர் மனசு தண்ணீர் அந்தப் பக்கமும் தொடர்கிறது என்று தானே முடித்துக்கொள்ளும். கரை மண்ணாலானது. நீர் கசியாமலிருக்கக் களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மிதித்து, அடுக்கடுக்காக இறுக்கிப் போடுவார்கள். மதகு கண்ணில் படாத இடத்தில் இருக்கும். கூலியாளுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் அளவில் கிடைத்த காலம் அது. இருநூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் இந்தக் கரைகள் பல நிற்கின்றன என்றால் மிதித்தவர்கள் ஒழுங்காக மிதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. வண்டல் மட்டும் யாருக்கும் விதிவிலக்குக் கொடுப்பதில்லை. ப்ளெனிம் ஏரியின் ஒரு பகுதி வண்டல் நிறைந்து முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டதால் சமீப வருடங்களில் தூர்வாரினார்கள்.

மரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஓக், பீச், எல்ம், லைம், ஸ்காட்ஸ் பைன், இடையிடையே ஒரு லெபனான் தேவதாரு. புல்வெளியில் திட்டுத்திட்டாகக் கூட்டம், எல்லையைச் சுற்றி ஒரு அடர்த்தியான மர வரிசை. வெளி உலகத்தில் பிடிக்காததை அந்த வரிசை மறைக்கும், வேட்டைப் பறவைகளுக்கும் இடம் கொடுக்கும், வெட்டினால் காசும் வரும். வளர்ந்த மரத்தை வேரோடு பெயர்த்து இழுத்துப்போக நீளமான கம்பமும் சக்கரமும் கொண்ட ஒரு வண்டியையும் பயன்படுத்தினார், அவசரக்காரப் பிரபுக்களுக்காக. மற்றபடி அவர் நட்டதெல்லாம் பேரன் காலத்துக்கு. நாம் இன்று பார்த்து வியக்கும் முழு வளர்ச்சியை அவரும் பார்க்கவில்லை, பணம் கொடுத்தவரும் பார்க்கவில்லை. எல்ம் மரங்களை 1970களில் ஒரு நோய் வந்து வாரிக்கொண்டு போனது. அதனால் நாம் பார்ப்பதும் அவர் மனசில் வரைந்த படம் முழுமையாக இல்லை.

அந்த மனசு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. எழுத்தாளர் ஹன்னா மோர் 1782 டிசம்பரில் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவரைச் சந்தித்தார். தோட்டத்தில் நடந்துகொண்டே பிரவுன் விரலை நீட்டி, "அதோ அங்கே ஒரு காற்புள்ளி வைக்கிறேன், இங்கே திருப்பம் அழுத்தமாக வேண்டும், முக்காற்புள்ளி. அங்கே பார்வையை இடைமறிக்க வேண்டும், ஓர் அடைப்புக்குறி. இதோ முற்றுப்புள்ளி. அப்புறம் அடுத்த விஷயத்தைத் தொடங்குகிறேன்" என்றாராம். பேச்சில் இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவர் ஏன் புத்தகம் எழுதவில்லை என்று ஆதங்கமாகத்தான் இருக்கிறது.

ஹாம்ப்டன் கோர்ட்டில் அவருக்கு என்ன வேலை என்றால், 1764இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்திருந்தார். குடியிருக்க அரண்மனை வளாகத்திலேயே ஒரு வீடு. வேடிக்கை என்னவென்றால், நாடு முழுக்க நேர்க்கோட்டுத் தோட்டங்களை அழித்தவர், ஹாம்ப்டன் கோர்ட்டின் பழைய நேர்க்கோட்டுத் தோட்டத்தை மாற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார். தனக்கும் தன் தொழிலுக்கும் உள்ள மரியாதையை முன்னிட்டு என்றாராம். அங்கே அவர் விட்டுச்சென்றதில் இன்றைக்கும் காய்ப்பது ஒரு திராட்சைக் கொடி. 1768இல் நட்டது. ஒரே கொடி ஒரு பெரிய கண்ணாடி வீட்டை நிறைத்துக்கொண்டு படர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அறுவடை செய்து அரண்மனைக் கடையில் விற்கிறார்கள்.

இனி மறைத்த மற்ற விஷயங்களுக்கு வருகிறேன். வில்ட்ஷயரில் போவுட் என்ற இடத்தில் பிரவுன் 1760களில் நீளமான ஓர் ஏரி அமைத்தார். அந்த நீர்ப்பரப்புக்கு அடியில் மேனிங்ஸ் ஹில் என்ற குக்கிராமம் மூழ்கிப்போனது. 2007இல் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது வீட்டுச் சுவர்களின் மிச்சம் அகப்பட்டது. அணை கட்டினால் ஊர் மூழ்கும் என்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் நாங்கள் மூழ்கடித்த ஊருக்கு எதிர்த்தட்டில் பாசனம் பெறும் ஆயக்கட்டு என்று ஏதாவது இருக்கும். இங்கே எதிர்த்தட்டில் இருப்பது வரவேற்பறை ஜன்னல்.

டார்செட்டில் மில்டன் பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது குக்கிராமம்கூட இல்லை, சந்தை, பள்ளிக்கூடம், சாராயக்கடை எல்லாம் உள்ள ஒரு சிறு நகரம். குத்தகைக் காலம் முடிய முடிய வீடு வீடாக இடித்துத் தள்ளினார். ஊர்க்காரர்களுக்காகக் கண்ணில் படாத ஒரு பள்ளத்தாக்கில் மில்டன் ஆபஸ் என்ற புதுக் கிராமத்தைக் கட்டினார்கள். பிரவுனும், கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸும் அதில் சம்பந்தப்பட்டவர்கள். 36 கூரை வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. ஹாரிசன் என்ற வக்கீல் மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்தார். அவர் வீட்டுக்குள் தண்ணீர் போகட்டும் என்று பிரபு மதகைத் திறந்துவிட்டதாகவும், வக்கீல் வழக்குப் போட்டு ஜெயித்ததாகவும் ஊரில் சொல்வார்கள். அந்தக் கூரை வீட்டுத் தெரு இன்றைக்கு நாட்காட்டிப் படங்களில் வருகிற அழகான தெரு. பிரவுன் இதையெல்லாம் முடிவு செய்தவர் இல்லை, கேட்டதைச் செய்து கொடுத்தவர் என்று வாதாடலாம். அரசாங்க வேலையில் இருந்தவனுக்கு அந்த வாதம் நன்றாகத் தெரியும். அதன் எடை என்ன என்பதும் தெரியும்.

நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு வாடிக்கையாளரும் அவருக்கு இருந்தார்: ராபர்ட் கிளைவ். 1744இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குக் குமாஸ்தாவாக வந்து, 1751இல் ஆற்காட்டைப் பிடித்து, 1753இல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, 1757இல் பிளாசிப் போருக்குப் பின் வங்காள நவாபின் முர்ஷிதாபாத் கஜானாவுக்குள் நடந்துபோன அதே கிளைவ். ஊர் திரும்பியவர் சர்ரே மாவட்டத்தில் கிளேர்மான்ட் பண்ணையை 1760களின் கடைசியில் வாங்கினார். வான்ப்ரூ கட்டிய பழைய வீடு தாழ்வான, ஈரமான இடத்தில் இருந்தது. அதை இடித்துவிட்டு மேட்டில் புது மாளிகை கட்டும் பொறுப்பை பிரவுனிடம் கொடுத்தார். பிரவுனும் அவருடைய மருமகன் ஹென்றி ஹாலண்டும் சேர்ந்து கட்டினார்கள். பிரவுனுக்குத் தொழில் புத்தி இங்கேயும் வேலை செய்தது: முதலில் ஈரத்திலிருந்து தப்பு, அப்புறம் அழகு.

கிளைவைப் பற்றி 1840இல் எழுதிய கட்டுரையில் மெக்காலே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். கிளைவின் வீட்டில் பிரவுன் ஒரு பெட்டியைப் பார்த்தார். ஒரு காலத்தில் முர்ஷிதாபாத் கஜானாத் தங்கம் நிறைந்திருந்த பெட்டி. இப்படி ஒன்றைப் படுக்கையறைக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று பிரவுன் திகைத்துப்போனாராம். மாளிகைச் சுவர் இவ்வளவு கனமாக இருப்பது ஒரு நாள் பிசாசு வந்து எஜமானைத் தூக்கிப்போகாமல் தடுக்கத்தான் என்று சுற்றுவட்டாரக் குடியானவர்கள் பேசிக்கொண்டதாகவும் அதே கட்டுரையில் வருகிறது. எழுபது வருடம் கழித்து எழுதிய கதை, எவ்வளவு நிஜம் என்று யோசிக்க வேண்டும். நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், பெட்டியைப் பார்த்துத் திகைத்தவர் அந்தப் பணத்தில்தான் தன் பில்லைத் தீர்த்துக்கொண்டார். 1770இல் வங்காளப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த காலத்தில் கிளேர்மான்ட்டில் அஸ்திவாரம் எழுந்துகொண்டிருந்தது. கிளைவ் அந்த வீட்டை அனுபவிக்கவும் இல்லை. 1774 நவம்பரில் லண்டனில் அவர் கதை முடிந்தது. மாளிகை இப்போது ஒரு பள்ளிக்கூடம்.

பிரவுனுக்கு எதிரிகளும் இருந்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் அவரைத் தோட்டத்துப் பாத்தியிலிருந்து எழுந்து வந்த பட்டிக்காட்டான் என்கிற தொனியில் 1772இல் கிண்டலடித்தார். அதில் வர்க்கத் திமிர்தான் அதிகம். இறந்த பிறகு வந்த தாக்குதல் கனமானது. 1794இல் யுவிடேல் பிரைஸ், ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற இரு நிலக்கிழார்கள், பிரவுனின் காட்சிகள் மழித்த முகம் மாதிரி வழவழவென்று, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கின்றன, பாறையும் முள்ளும் முரட்டு நிலமும் எங்கே என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தொடர்ந்து பார்த்தால் எனக்குமே எந்த ஏரி எந்தப் பண்ணை என்று குழம்பியது. அவருக்கு வாரிசாக வந்த ஹம்ப்ரி ரெப்டன் 1788இல் தொழிலுக்கு வந்து பிரவுனுக்காக வாதாடினார். பிரவுனின் மகன் தன் அப்பாவின் வரைபடங்களை ரெப்டனுக்குக் கொடுத்து உதவியிருந்தார். ரெப்டன் நன்றாக எழுதுவார், படம் வரைவார், சிவப்பு அட்டை போட்ட புத்தகத்தில் 'முன்பு, பின்பு' காட்டுவார். ஆனால் மண்வேலையைத் தானே எடுத்துச் செய்யவில்லை. அதனால்தானோ என்னவோ, பிரவுன் அளவுக்குக் காசு பார்க்கவில்லை.

அயர்லாந்துக்கு வரச் சொல்லி ஒரு பிரபு ஆயிரம் பவுண்டு தருவதாகச் சொன்னபோது, "இங்கிலாந்தையே நான் இன்னும் முடிக்கவில்லை" என்றாராம். அவர் கை பட்ட இடங்கள் 170க்கு மேல், சந்தேகமானவற்றையும் சேர்த்தால் 250ஐத் தொடும் என்பார்கள். அதனால் அந்தப் பதிலை வெறும் பெருமை என்று தள்ள முடியாது. உங்களுக்கு முன்னால் நான் செத்துப்போக ஆசைப்படுகிறேன், நீங்கள் மேம்படுத்துவதற்கு முன் சொர்க்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓவன் கேம்பிரிட்ஜ் என்பவர் அவரிடம் சொன்னதும் பிரசித்தம்.

1783 பிப்ரவரி 6ஆம் தேதி, லண்டனில் கவென்ட்ரி பிரபு வீட்டிலிருந்து திரும்பியவர் மகள் வீட்டு வாசலில் விழுந்து இறந்தார். வருடத்துக்கு 25 பவுண்டு வாங்கியவர், அதற்குள் ஃபென்ஸ்டான்டன் என்ற ஊரின் பண்ணைக்குச் சொந்தக்காரர், ஒரு தடவை மாவட்ட ஷெரீஃபாகவும் இருந்தவர். ஃபென்ஸ்டான்டன் தேவாலயத்தில் அடக்கம். இயற்கை அன்னையின் இரண்டாம் கணவர் காலமானார், வனதேவதைகள் கறுப்புக் கையுறை மாட்டிக்கொள்ளட்டும் என்று வால்போல் கடிதம் எழுதினார். 'பிரவுன் என்று ஒருவர்' என்று எழுதிய அதே வால்போல்.

அதற்குப் பிறகு அந்த இடங்களுக்கு நடந்தவை தனிக் கதை. க்ரூம் நிலத்தில் இரண்டாம் உலகப் போரில் விமானத்தளம் வந்து ரேடார் சோதனை நடந்தது. பிறகு ஒரு நெடுஞ்சாலை பூங்காவைக் கிழித்துக்கொண்டு போனது. 1979 முதல் சில வருடம் மாளிகையை ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் வைத்திருந்தார்கள். அப்புறம் பூங்கா நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வாங்கி, தூர்ந்துபோன ஏரியையும் ஆற்றையும் மீட்டது. உதவியாளர் ஸ்பையர்ஸ் வரைந்த ஹாம்ப்டன் கோர்ட் படங்கள் ரஷ்யப் பேரரசி கேத்தரின் கைக்குப் போய் இன்னும் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சஃபோக்கில் ஹெவனிங்ஹாம் என்ற பண்ணைக்கு அவர் கடைசிக் காலத்தில் போட்ட ஏரித் திட்டம் கிடப்பில் கிடந்து, 1990களில் ஜேசிபி வைத்து வெட்டப்பட்டது. சொந்த ஊரான கிர்க்ஹார்லுக்கு அவர் போட்டதாகக் கருதப்படும் ஒரு வரைபடம் 1980 வாக்கில் அங்கே ஒரு குடும்பத்தின் பழைய காகிதங்களுக்கிடையே கிடைத்தது. 2010 வாக்கில் அதை வைத்துப் பாம்பு மாதிரி வளைந்த ஏரியை வெட்டினார்கள். பக்கத்துப் பழைய பண்ணைக் கட்டடங்களில் இப்போது கைவினைக் கடைகளும் ஒரு காப்பிக் கடையும் இருக்கின்றன. நியூகாசிலிலிருந்து காரில் போய்விடலாம். ஏரியைச் சுற்றி நடக்க வசதியாகப் பாதை போட்டிருக்கிறார்கள்.